‘பஸ்’ஸை ‘பட்’ என்று சொல்லும் பிள்ளைகளிடம் போகும் முன்

கேள்வி: எனக்கு 29 வயது. எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்து, பல்லடம் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு வருடமாக எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். தாய்லாந்தில் ஆங்கில டீச்சர் வேலை இருப்பதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். ஒன்றரை லட்சம் கேட்கிறார். முதலில் டூரிஸ்ட்டாகப் போய் இறங்குங்கள், விசாவை அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். 25,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன், பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருக்கிறது. ஆன்லைனில் 120 மணி நேர டெஃபல் (பிற மொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழ் வாங்கினால் போதுமா? தமிழ் வாடை அடிக்கும் என் ஆங்கிலத்தை அங்கே ஏற்றுக்கொள்வார்களா?
– ஒரு வாசகி, பல்லடம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

சான்றிதழும் உச்சரிப்பும் அப்புறம். நாளைக் காலையில் முதல் வேலையாகப் போய் உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வந்துவிடுங்கள். அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ள எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை இல்லை. தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். கொடுத்த 25,000-க்கு ரசீது கேளுங்கள். பிறகு வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுகளைப் பதிவு செய்யும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம் என்று வாய் கூசாமல் கேட்பவர் அந்தப் பட்டியலில் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

டூரிஸ்ட்டாகப் போகச் சொல்வதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. தாய்லாந்தில் வேலை செய்ய நான்-இமிகிரன்ட் பி என்ற வேலைக்கான விசாவும், அதற்குப் பிறகு வொர்க் பர்மிட்டும் வேண்டும். டூரிஸ்ட்டாக வந்தவர் விசாவை அங்கேயே மாற்றிக்கொள்ள சில சமயம் வழி உண்டு, உண்மைதான். ஆனால் பர்மிட் கைக்கு வருமுன் வகுப்பில் போய் நின்றால் அது குற்றம். பிடிபட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள், ஏஜென்ட் அல்ல. இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் ஊர்ப் பையன்கள் 2022-ல் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களை மீட்டு வருவதற்குள் பெற்றவர்கள் பட்ட பாட்டை எல்லோரும் செய்திகளில் பார்த்தோம். பள்ளியின் பெயர், ஊர், ஒப்பந்தக் கடிதம் மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்தப் பள்ளியோடு வீடியோவில் நேரடியாகப் பேசியும் ஆகியிருக்க வேண்டும். அதுவரை விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். நான் தாய்லாந்தின் வடகிழக்கில், கோன் கேன் பக்கத்தில் ஒரு பள்ளியில் இரண்டு வருடம் ஆங்கிலம் எடுத்தவள். முதல் நாள் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நம் ஊர் வழக்கப்படி பாடத்தை நடத்திவிட்டு, ‘அண்டர்ஸ்டாண்ட்?’ என்று கேட்டேன். ‘யெஸ், டீச்சர்!’ என்று கூரை அதிரக் குரல் வந்தது. நோட்டைத் திறக்கச் சொன்னால் ஒருவர்கூடத் திறக்கவில்லை. திறக்கச் சொன்னதே அவர்களுக்குப் புரிந்திருக்கவில்லை.

இங்கே நாம் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்கிறோம், அடுத்த வரியைத் தமிழில் விளக்கி, ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டு நகர்கிறோம். ஆறு வருடமாக உங்களைத் தாங்கிப் பிடித்த அந்தத் தமிழ் வரி அங்கே கிடையாது. அது இல்லாமல் நிற்கப் பழகுவதுதான் நீங்கள் செய்ய வேண்டிய தயாரிப்பு. ஆன்லைனில் வீடியோ பார்த்து, கேள்விக்கு டிக் அடித்து வாங்கும் சான்றிதழால் இந்தப் பழக்கம் வராது. கேம்பிரிட்ஜின் செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிப் படிப்பும் ஏறத்தாழ 120 மணி நேரம்தான். ஆனால் அதில் ஆறு மணி நேரம் நிஜமான மாணவர்களுக்கு நீங்கள் பாடம் எடுக்க, பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்வார். அதன் மதிப்பே அந்த ஆறு மணி நேரத்தில்தான் இருக்கிறது. லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும் என்பதால், கடன் வாங்கிப் படியுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பள்ளி வேலைக்கு உங்கள் பி.எட்.தான் பெரிய பலம். அங்கே ஆசிரியர் உரிமம் தருவது குருசபா என்ற ஆசிரியர் மன்றம். கல்வியியல் பட்டம் இருப்பவருக்கு அந்த வழி எளிது. ஆங்கிலத் திறனுக்கு டோயிக் என்ற தேர்வின் மதிப்பெண்ணும் கேட்பார்கள், அதை இங்கேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காசில்லாமல் பழக ஒரு வழி சொல்கிறேன். உங்களுக்குப் பக்கத்திலேயே திருப்பூர். பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே நிறையப் பேர். பெற்றவர்களிடம் கேட்டு, பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஆங்கிலம் சொல்லிக் கொடுங்கள். தமிழும் வேண்டாம், தெரிந்த நாலு வார்த்தை இந்தியும் வேண்டாம். தக்காளி, குடை, பஸ் டிக்கெட், உங்கள் கை, முகம் இவைதான் உங்கள் அகராதி. ‘புரிந்ததா’ என்று கேட்கவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்று சொல்லிக் கொடுத்தால், ‘சாவி இப்போது என் கையில் இருக்கிறதா?’ என்று ஆங்கிலத்திலேயே கேட்டுப் பாருங்கள். பிள்ளை ‘நோ’ என்று தலையாட்டினால் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னொரு நாள், கோவை போகும் பஸ்களின் நேரத்தை எழுதிக் கொடுத்து, பத்து மணிக்குள் கோவையில் இருக்க எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 1979 முதல் 1984 வரை பெங்களூரை மையமாக வைத்து என்.எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வியாளர் இப்படித்தான், இலக்கணத்தைத் தனியாக நடத்தாமல், ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து யோசிக்கவைத்தே ஆங்கிலம் வளர்த்துக் காட்டினார். இன்று உலகமெங்கும் ‘டாஸ்க்’ வழிக் கற்பித்தல் என்று பேசுபவர்கள் அவரைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. இந்தியரிடம் ஆங்கிலம் கற்பார்களா என்ற தயக்கம் வரும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பு விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். ‘நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்’ என்று போடும் விளம்பரங்கள் இருக்கின்றன, போட்டோவைப் பார்த்தே ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். அது அநியாயம், உங்கள் குறை அல்ல. கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் விசாவே பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான், அந்த ஏழில் நாம் இல்லை. அதனால்தான் தாய்லாந்தை நினைத்தது சரி என்கிறேன். தமிழ் வாடையை மறைக்க வேண்டாம். அமெரிக்கக் குரலில் பேச முயன்றால் இரண்டும் கெட்டுப்போகும். திருத்த வேண்டியது இரண்டுதான். முதலில் W, V ஒலிகளின் வேறுபாடு. ‘வெஸ்ட்’ என்று சொன்னால் மேற்குத் திசையா, உள்ளே போடும் பனியனா என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும். அடுத்தது அழுத்தம். நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்கிறோம். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசை கனக்கும், ‘ஃபோட்டோகிராஃபி’ என்பதில் இரண்டாவது. அகராதியில் அழுத்தக் குறி பார்த்து, போனில் பதிவு செய்து கேட்டுக் கேட்டுச் சரி செய்யுங்கள். ‘ப்ரீபோன்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ இரண்டையும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். நமக்குள் அவை நல்ல ஆங்கிலம்தான், அங்கே யாருக்கும் விளங்காது.

போவதற்குள் கொஞ்சம் தாய் மொழி படித்துவிடுங்கள் (தாய்லாந்தின் தாய் மொழியைச் சொல்கிறேன்). கடையில் பேரம் பேச உதவும் என்பதற்காகச் சொல்லவில்லை. பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்பது அதைப் படித்தால்தான் தெரியும். நம் பாட்டிமார் ‘இஸ்கூல்’ என்றார்கள், அவர்கள் ‘சகூல்’ என்பார்கள். சொல்லின் கடைசியில் ‘ஸ்’ அவர்கள் வாயில் நிற்காது, ‘பஸ்’ ‘பட்’ ஆகிவிடும், ‘ஃபுட்பால்’ ‘ஃபுட்பான்’ ஆகிவிடும். போனேன், போகிறேன், போவேன் என்று மாறும் வினை அவர்கள் மொழியில் இல்லை. அதனால் ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்று எழுதும் பிள்ளை சோம்பேறி அல்ல. இது தெரியாமல் என் முதல் மாதம் முழுக்கச் சிவப்பு மையில் கழிந்தது, இன்றும் அதற்காக வருந்துகிறேன்.

இன்னொன்று. நன்றாகப் படித்த பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுப்பது நமக்குப் பாசம். அங்கே தலையைத் தொடுவது மரியாதைக் குறைவு. கையைக் கட்டிப் போட்டதுபோல் இருக்கும், பழகிவிடும். ஜூன் வாக்கில் ‘வாய் க்ரூ’ என்று ஒரு நாள் வரும். ஆசிரியர் முன் பிள்ளைகள் பூவோடு மண்டியிட்டு வணங்குவார்கள். ‘க்ரூ’ நம் ‘குரு’தான். அன்றைக்கு எனக்கு ஊர் ஞாபகம் வந்து அழுகையே வந்துவிட்டது.

அவர்களுக்குப் பள்ளி ஆண்டு மே நடுவில் தொடங்கும், இரண்டாம் பருவம் நவம்பரில். பட்டச் சான்றிதழ்களுக்கு அரசின் அட்டஸ்டேஷன், பாஸ்போர்ட் அலுவலகத்தின் போலீஸ் சான்று இவற்றுக்கெல்லாம் நாள் பிடிக்கும், இப்போதே தொடங்குங்கள். ஒப்பந்தமும் விசாவும் கைக்கு வரும்வரை இங்கே ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். திருப்பூர்ப் பிள்ளைகளோடு ஒரு மாதம் ஆனதும் எனக்கு எழுதுங்கள், எந்த இடத்தில் தமிழ் வாய்வரை வந்து நின்றது என்று. அங்கிருந்து மேலே பேசுவோம்.