மாடித்தோட்டத்து மூலிகையில் எண்ணெய் எடுக்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, தொட்டியில் எலுமிச்சைப்புல் புதராக மண்டிவிட்டது. வீட்டுப் பாத்திரத்திலேயே எண்ணெய் இறக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் ஆசையை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 1 கிலோ பச்சைப்புல்லுக்கு ஆலையிலேயே சில மில்லிதான் தேறும். நம் அடுப்பில் சொட்டுக் கணக்குதான். அகலமான குண்டானில் புல்லை நறுக்கிப் போட்டு, மூழ்கத் தண்ணீர் விடுங்கள். நடுவில் ஒரு ஸ்டாண்டு, அதன்மேல் எவர்சில்வர் கிண்ணம். குமிழ் உள்ள மூடியைக் கவிழ்த்து மூடி, மேலே ஐஸ்கட்டி கொட்டுங்கள். சிறு தீ போதும். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, குமிழ் வழியாகக் கிண்ணத்தில் சொட்டும். ஐஸ் உருகினால் கரண்டியால் மொண்டுவிட்டு வேறு போடுங்கள்.

கேள்வி: அந்த எண்ணெய் கொதிக்க 200 டிகிரிக்கு மேல் வேண்டுமாமே?

பதில்: தனியாகக் கொதிக்கத்தான் அவ்வளவு சூடு. தண்ணீரோடு சேரும்போது 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாகிவிடும்.

கேள்வி: செய்து பார்த்தேன். கிண்ணத்தில் வெறும் தண்ணீர்தான் இருக்கிறது!

பதில்: வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மேலே மெல்லிய ஏடு தெரியும். கழுத்து ஒடுங்கிய பாட்டிலில் ஊற்றினால் எண்ணெய் கழுத்தில் திரளும். ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சிவிடலாம். (கிராம்பு எண்ணெய் போன்ற சில மட்டும் அடியில் போய் உட்காரும்.) மிச்சத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், வீடு துடைக்க அருமையான வாசனை.

கேள்வி: குக்கர் விசில் குழாயில் ரப்பர் டியூப் மாட்டினால் வேலை சுலபம்தானே?

பதில்: வேண்டவே வேண்டாம். ஓர் இலைத் துணுக்கு அடைத்தால் போதும், அழுத்தம் ஏறிவிடும்.

கேள்வி: கற்பூரவல்லியிலும் இப்படியே இறக்கலாமா?

பதில்: இறக்கலாம், ஆனால் நான் காய்ச்சத்தான் சொல்வேன். இலையை அரைத்துத் தேங்காயெண்ணெயில் போட்டுச் சிறு தீயில் கிளறுங்கள். ஈரம் இருக்கும்வரை சடசடக்கும். சத்தம் அடங்கியதும் அடியில் இருக்கும் கல்கத்தை (அரைத்த இலை விழுதை) எடுத்து விரலில் உருட்டினால் மெழுகாகத் திரளும். அதுதான் மெழுகு பதம். இன்னும் விட்டால் மணல்போல் உதிரும், வாசனையும் பறக்கும். சந்தேகமா? திரியில் தோய்த்துக் கொளுத்துங்கள். படபடவென்று வெடித்தால் ஈரம் பாக்கி.

கேள்வி: காய்ச்சாமல், பச்சைத் துளசியையும் பூண்டையும் எண்ணெயில் ஊறப்போட்டுச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வெளியே வைக்காதீர்கள். எண்ணெய்க்குள் காற்று புகாது. ஈரமும் சேர்ந்தால் போட்டுலிசம் என்னும் கொடிய உணவு நச்சுநோயைத் தரும் கிருமி வளர்ந்து விஷமாக்கும், வாசனையில் தெரியாது. ஃபிரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: இறக்கிய எண்ணெயைக் கைக்குழந்தைக்குச் சளிக்குத் தடவலாமா?

பதில்: கூடாது. பெரியவர்களும் நேரடியாகத் தடவக் கூடாது. 100 மில்லி தேங்காயெண்ணெய்க்கு 2 மில்லிக்கு மேல் கலக்காதீர்கள்.