இரவில் கருகல் வாடையோடு ஏசி நின்றுபோனால் உடனே என்ன செய்வது? அந்த நேரத்தில் எந்த மெக்கானிக்கை நம்பிக் கூப்பிடலாம்?

கேள்வியில் இருக்கிற பதற்றத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருக்கிறார்கள் போல. இல்லையென்றால் இந்நேரம் மொட்டை மாடியில் பாயை விரித்திருப்பீர்கள்.

முதலில் செய்ய வேண்டியது: ஏசி சுவிட்சைத் தொடாதீர்கள், சூடாக இருக்கிற பிளக்கைப் பிடுங்காதீர்கள். நேராக டிபி பாக்ஸுக்கு, அதாவது வீட்டுக் கரண்ட் ரூம் ரூமாகப் பிரிகிற பெட்டிக்குப் போய், ஏசியின் எம்சிபியை (கரண்ட் அதிகமானால் தானே விழுகிற சுவிட்ச்) இறக்குங்கள். எது என்று தெரியாவிட்டால் மெயினையே அணைத்துவிடுங்கள். புகையோ நெருப்போ தெரிந்தால் தண்ணீர் ஊற்றாமல் எல்லோரையும் வெளியே கூட்டிப் போய் 101-ஐக் கூப்பிடுங்கள். மெக்கானிக் எல்லாம் அப்புறம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் எங்கள் வீட்டில் நடந்தது. மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி. அக்னி நட்சத்திரம். அம்மா ரூமில் ஒன்றரை டன் ஸ்பிளிட், இன்வெர்ட்டர் இல்லாத பழைய வகை. ராத்திரி சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தபோது வீடு முழுக்கக் கருவாடு வறுக்கிற வாடை. கீழ் வீட்டில் ஏதோ சமைக்கிறார்கள் என்றாள் மனைவி. அன்று வெள்ளிக்கிழமை, அவர்கள் அசைவத்தைத் தொடவே மாட்டார்கள். எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. சுவிட்ச், பிளக் எல்லாம் செய்கிற ஒரு வகை பிளாஸ்டிக் சூடேறினால் மீன் வாடைதான் அடிக்கும். வீட்டில் மீன் இல்லாமல் அந்த வாடை வந்தால் சுவிட்ச் போர்டுகளைப் போய்ப் பாருங்கள்.

அம்மா ரூமில் இன்டோர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் வெறும் காற்று. வெளியே அவுட்டோர் சில விநாடி முனகும், டக்கென்று நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முனகும். உடனே போய் எம்சிபியை இறக்கினேன். ஊரிலிருந்து வந்திருந்த மச்சானுக்குச் சிரிப்பு. “மாமா, எம்சிபி தானா விழலையே, அப்ப ஒண்ணும் இல்ல. போட்டு விடுங்க, ஓடும்” என்றான்.

இந்த நம்பிக்கைதான் ஆபத்து. ஒயர் தாங்காத அளவுக்குக் கரண்ட் போனாலோ ஷார்ட் ஆனாலோதான் எம்சிபி விழும். பிளக் லூசாக இருந்து அந்த இடத்தில் மட்டும் சூடேறினால் அதற்குத் தெரியவே தெரியாது. எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். அவுட்டோரில் கம்ப்ரசரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் வீங்கிப் போய், கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் திணறியிருக்கிறது. ஒவ்வொரு திணறலுக்கும் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். எம்சிபி விழுவதற்குள் கம்ப்ரசரின் ஓவர்லோடு என்கிற பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்திவிடும். ஆறியதும் மறுபடி ஆரம்பிக்கும். அத்தனை சூட்டையும் வாங்கிக்கொண்டது பிளக். காலையில் கழற்றிப் பார்த்தபோது ஒரு பித்தளைப் பின் கருநீலமாக மாறியிருந்தது. அதைச் சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாக உப்பி சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மச்சான் அதைப் பார்த்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டான்.

சரி, இரவு மெக்கானிக் விஷயம். மனைவி பதறிப்போய் இணையத்தில் கிடைத்த ஒரு நம்பருக்குப் போன் போட்டாள். கம்பெனி சர்வீஸ் என்று போட்டிருந்தது, வந்த பையனிடம் எந்த அடையாள அட்டையும் இல்லை. வந்ததும் பெட்ரூம் ஜன்னலைத் திறந்து, செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சன்ஷேடில் இறங்கப் போனான். மூன்றாவது மாடி, பெல்ட் கிடையாது, கயிறு கிடையாது. “தம்பி, வேண்டாம், ஏறு உள்ள” என்றேன். “டெய்லி ஏறுறதுதான் சார்” என்றான். வந்ததற்கு ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். போகும்போது, எதையும் தொட்டுக்கூடப் பார்க்காமலே, “கேஸ் லீக் ஆயிருக்கும், ஃபுல்லா போடணும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

“வயசான அம்மாவைப் புழுக்கத்தில் போட்டுவிட்டு நியாயம் பேசுகிறாயா” என்று யாராவது கிளம்புவீர்கள். அம்மாவை ஹாலில் ஃபேனுக்கு அடியில் படுக்க வைத்து, ஜன்னலைத் திறந்து, ஈரத்துண்டால் அடிக்கடி கை, கழுத்து, முகம் துடைத்து, தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டோம். பேச்சு குழறினாலோ, உடம்பு நெருப்பாய்ச் சுட்டு ஆள் மந்தமானாலோ 108தான், அதில் யோசிக்கவே கூடாது. அதற்காக ஒரு பையனை இருட்டில் மாடி விளிம்பில் நிற்க வைக்க என் மனசு ஒப்பவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

காலையில் வந்தவர் எங்கள் தெரு மெக்கானிக், பெல்ட் போட்டுக்கொண்டு இறங்கினார். கரண்டை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டருக்குள் ஷாக் அடிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும், அதை முறையாக இறக்கிவிட்டுத்தான் கழற்றினார். யூடியூப் பார்த்து அவுட்டோரைத் திறக்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்கவும். புது கெப்பாசிட்டர், புது சாக்கெட், புது பிளக், வேலை முடிந்தது. கேஸ் சொட்டுக்கூடக் குறையவில்லை. ஏசி கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர? குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதை அடைக்காமல் நிரப்புவது வீண். இன்னொன்று, இப்போது வருகிற ஏசிகளில் ஆர்-32, ஆர்-290 கேஸ்கள் இருக்கின்றன. இரண்டாவது புரொப்பேன், அடுப்பு கேஸ் மாதிரியே பற்றிக்கொள்ளும். உஸ்ஸென்று சத்தம் கேட்டால் சுவிட்ச் எதையும் போடாமல் அணைக்காமல், விளக்கு, ஊதுபத்தி ஏற்றாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

எல்லா மெக்கானிக்கும் மோசம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வரவேண்டாம். என் கோபமெல்லாம் பில்டர் மேல். சதுர அடிக்கு அவ்வளவு காசு வாங்கியவர், அவுட்டோரை மனிதன் நின்று கழற்ற ஓரிடம் விட்டாரா? பால்கனியில் வைக்கலாம் என்றால் கட்டட முகப்பு கெடும் என்று அசோசியேஷனில் தீர்மானம் போடுகிறார்கள். அதே முகப்பில் தலைவர் வீட்டுப் பாவாடையும் லுங்கியும் காய்கிறது.

   

நீங்கள் இருப்பது வாடகை வீடு என்றால் ஒரு விஷயம். கருகிய பிளக்கையும் சாக்கெட்டையும் படம் எடுத்து ஓனருக்கு அனுப்பிவிட்டு ரிப்பேரை ஆரம்பியுங்கள். சாமானைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு கேட்டால், ஏசியை நீங்கள்தான் ராத்திரி பகலாக ஓட்டிக் கெடுத்தீர்கள் என்பார்.