கடற்காற்று தின்ற வண்டியும் வெள்ளம் குடித்த வண்டியும்

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 2006-ஆம் ஆண்டு மாருதி 800 கார் உள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் தெருவில் தேங்கிய நீருக்குள் ஓட்டிச் சென்றபோது நின்றுவிட்டது; அதன்பின் இன்ஜின் சுற்றவே இல்லை. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும் என்கிறார் மெக்கானிக். காசிமேட்டில் வசிக்கும் என் மைத்துனரிடம் 2008-ஆம் ஆண்டு மாருதி 800 இருக்கிறது. அதன் இன்ஜின் நன்றாக ஓடுகிறது. ஆனால் தரைத் தகடும் கதவுகளின் அடிப்பாகமும் துருப்பிடித்து உதிர்கின்றன. இரண்டும் ஒரே மாதிரி வண்டிகள் என்பதால், அந்த இன்ஜினை என் வண்டியில் வீட்டிலேயே பொருத்த நினைக்கிறோம். இருவருக்கும் ஓரளவு ஸ்பானர் பிடித்த பழக்கம் உண்டு. எங்கிருந்து தொடங்க வேண்டும்?
வாசகர், கொடுங்கையூர்

பதில்: உங்கள் மெக்கானிக்கின் ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். காற்று வடிகட்டி வழியாகச் சிலிண்டருக்குள் நுழைந்த நீரைப் பிஸ்டனால் காற்றைப்போல் அழுத்த முடியாது. அந்த விசை முழுவதையும் கனெக்டிங் ராடுதான் தாங்கியாக வேண்டும். ஆயினும் ஸ்பார்க் பிளக்குகள் மூன்றையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியை ஸ்பானரால் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. சுற்றவில்லை என்றால், வளைந்த ராடோ சிலிண்டரில் ஏறிய துருவோ, எதுவானாலும் இன்ஜினை மாற்றும் உங்கள் முடிவு நியாயமானதே. அதற்கு முன் உங்கள் வண்டியின் தரைவிரிப்பைத் தூக்கி அடித்தகட்டையும் பாருங்கள். நனைந்த விரிப்பு மாதக்கணக்கில் கிடந்திருந்தால், கொடுங்கையூர் வண்டியும் காசிமேட்டு வண்டியின் வழியிலேயே போய்க்கொண்டிருக்கலாம். அப்படியானால் இத்தனை உழைப்பு வீண்.

"ஒரே மாதிரி" என்ற சொல்லை நான் அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. உங்கள் இரு வண்டிகளிலும் இருப்பது எஃப்8பி வகையைச் சேர்ந்த 796 சிசி, மூன்று சிலிண்டர், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டரால் பெட்ரோலைப் பீய்ச்சும்) இன்ஜின்தான். சிலிண்டரின் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 72 மில்லிமீட்டர். ஆனால் இன்ஜினைச் சுற்றியிருக்கும் சென்சார்கள், அவற்றின் பிளக்குகளின் வடிவம், வயரிங், கியர்பாக்ஸில் உள்ள கியர்களின் எண்ணிக்கை ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு, மாடலுக்கு மாடல் மாறியிருக்கலாம். ஆகவே முதல் போல்ட்டைத் தொடுவதற்கு முன்பே இரண்டு பானட்டுகளையும் திறந்து, ஒவ்வொரு வயர் பிளக்கையும் ஓஸ் குழாயையும் ஒப்பிட்டுப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேறுபட்டவை தெரிந்தால், காசிமேட்டிலிருந்து இந்த வெளி உறுப்புகள் இல்லாத ஆஃப் இன்ஜினை மட்டும் எடுத்துக்கொண்டு, சென்சார்களையும் ஆல்டர்னேட்டரையும் ஸ்டார்ட்டரையும் உங்கள் வண்டியிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வெள்ளத்தில் மூழ்கிய ஆல்டர்னேட்டரையும் ஸ்டார்ட்டரையும் பிரித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

"நன்றாக ஓடுகிறது" என்பதையும் சோதிக்க வேண்டும். காசிமேட்டு வண்டியின் இன்ஜின் சூடானதும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி மூன்று சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே எழும் அழுத்தம், பாருங்கள். அளவு மானியை மெக்கானிக்குகளிடம் இரவல் வாங்கலாம். மூன்றுக்கும் இடையே சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ கசிவு. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுப் பழைய இன்ஜினின் இடத்தில் இன்னொரு பழைய இன்ஜினை வைத்தவர்களை வண்ணாரப்பேட்டையிலும் பார்த்திருக்கிறேன், பெரம்பூரிலும் பார்த்திருக்கிறேன்.

ஆவண வேலையைக் கடைசிக்குத் தள்ள வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது. இன்ஜின் எண் அந்த விவரங்களுள் ஒன்று. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். எனவே இரு ஆர்.சி.களையும், இன்ஜின் எண்ணைக் குறிப்பிட்டு உங்கள் மைத்துனர் எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, உங்கள் பகுதிக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலிலேயே அனுமதி கேளுங்கள். பிளாக்கில் பொறித்துள்ள எண்ணும் அவருடைய ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று நீங்களே துடைத்துப் படித்துப் பாருங்கள். புதிய எண் ஆர்.சி.யில் ஏறிய பிறகு காப்பீட்டுப் பத்திரத்திலும் அதை மாற்ற வேண்டும். இன்ஜின் போன காசிமேட்டு வண்டியைப் பற்றி, அது இனி ஓடாது என்று 55-ஆம் பிரிவின்படி அவர் தெரிவித்துப் பதிவை ரத்து செய்துவிடுவது நல்லது.

இனி கழற்றும் வேலை. இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: இரண்டு வண்டிகளில் ஒன்று எப்படியும் பழைய இரும்புக் கடைக்குப் போகப்போகிறது. ஆகவே வெட்டுவதும் உடைப்பதும் எல்லாம் காசிமேட்டு வண்டியின் பாடிப் பக்கத்தில் நடக்கட்டும். கடற்கரை வண்டிகளில் என்னை மிகவும் சோதித்தவை சைலன்சர் குழாயை, இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் மேனிஃபோல்டுடன் இணைக்கும் ஸ்டட்டுகள் (தலையில்லாத போல்ட்டுகள்). உப்பும் சூடும் சேர்ந்து அவற்றை இறுக்கி வைத்திருக்கும். அவற்றோடு மல்லுக்கட்டினால் ஒன்றாவது முறிந்து, முறிந்த துண்டை எடுக்க லேத் பட்டறைக்கு அலைய நேரிடும். அதைவிட மேனிஃபோல்டை இன்ஜினோடு விட்டுவிட்டு, குழாயைக் கீழே அறுத்துவிடுங்கள். பிறகு இன்ஜின் தரையில் இருக்கும்போது, துரு இளக்கும் எண்ணெயை இரண்டு மூன்று நாள் ஊறவிட்டுப் பொறுமையாகக் கழற்றலாம். கொடுங்கையூர் வண்டியில் மட்டும் எதையும் அறுக்காதீர்கள். ஒவ்வொரு போல்ட்டையும் சீட்டு எழுதிய தனித்தனிப் பையில் போட்டு வையுங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் குழாய்க்குள் அழுத்தம் நிற்கும். அதை வெளியேற்றாமல் குழாயைப் பிடுங்கினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே மேலே தூக்குவதை நான் விரும்புகிறேன், ஏனெனில் கிளட்ச் பிளேட்டை மையப்படுத்தி இரண்டையும் இணைப்பது, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும்போதைவிடத் தரையில் வைத்துச் செய்யும்போது எளிது.

தூக்குவதற்குச் செயின் பிளாக்கை எதில் மாட்டுவீர்கள் என்பதுதான் என் கவலை. முகப்புக் கூரையில் உள்ள மின்விசிறிக் கொக்கியில் மாட்டும் வழக்கத்தை நம் பகுதியில் அடிக்கடி காண்கிறேன். காசிமேட்டு வண்டியின் தகட்டைத் தின்ற அதே காற்று அந்தக் கூரைக்குள் இருக்கும் கம்பியையும் தின்றுகொண்டிருக்கிறது. காரை உதிர்ந்து கம்பி தெரியும் கூரைகளுக்கு ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பஞ்சமில்லை. செயின் பிளாக்கை மாட்ட, உயரமான மூன்று கால் இரும்புத் தாங்கியை வாடகைக்கு எடுங்கள். இன்ஜின் தொங்கும்போது அதன் கீழே கையோ காலோ போகக் கூடாது. கழற்றிய இன்ஜினைக் கயிற்றால் நன்றாகக் கட்டிக் குட்டி யானையில் ஏற்றி வரலாம்.

வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள கோர் பிளக்குகளை (குளிர்நீர்ப் பாதையை அடைக்கும் தகட்டு மூடிகளை)த் திருப்புளியால் தட்டிப் பாருங்கள். கடற்கரை வண்டியில் அவை மெலிந்திருக்கும். புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகங்கள் எத்தனை மலிவாகக் கிடைத்தாலும், இவற்றைப் பழையதாக வாங்காதீர்கள்.

பொருத்திய பின் ஸ்பார்க் பிளக்குகளை மாட்டாமல், இன்ஜெக்டர், காயில் இணைப்புகளைக் கழற்றி வைத்து, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள். அதன்பின் எல்லாவற்றையும் இணைத்து ஓடவிட்டு, ரேடியேட்டர் விசிறி ஒருமுறை தானே ஓடி நிற்கும் வரை பக்கத்திலேயே இருங்கள்.

கேள்வி: என்னுடையது 1997-ஆம் ஆண்டு கார்புரேட்டர் மாருதி 800. எம்பிஎஃப்ஐ இன்ஜினைப் பொருத்தலாமா? அல்லது ஆம்னி இன்ஜின் பொருந்துமா?
வாசகர், மணலி

பதில்: எம்பிஎஃப்ஐ வேண்டாம். உங்கள் வண்டியில் பெட்ரோலை இழுப்பது இன்ஜினோடு இணைந்த இயந்திர பம்ப். அந்த வகைக்கோ டேங்குக்குள் மின்சார பம்ப், கட்டுப்பாட்டுப் பெட்டி, முழு வயரிங் எல்லாம் வேண்டும். ஆம்னியிலும் 796 சிசி இன்ஜின்தான் என்றாலும், அது வண்டியின் நீளவாக்கில் படுத்துப் பின்சக்கரங்களை ஓட்டுகிறது. உங்களுடையது குறுக்காக நின்று முன்சக்கரங்களை ஓட்டுகிறது. ஆயில் சம்ப்பும் மேனிஃபோல்டும் மவுண்டிங்கும் மாறும். கார்புரேட்டர் 800-இன் இன்ஜினையே, பில்லோடும் பழைய ஆர்.சி. நகலோடும் தேடி வாங்குங்கள்.