கைலித் துணியிலிருந்து ஆரம்பி

கேள்வி: நான் காஸ்ட்யூம் டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘மெட்ராஸ் கட்டத்துணியின் வரலாறு’ என்று புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் பேச வேண்டும். இணையத்தில் எங்கே தேடினாலும் எலிஹு யேல் இந்தத் துணியை மெட்ராஸிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பினார், அங்கே புகழ்பெற்றது என்ற ஒரே கதைதான். அதை வைத்து நாற்பது ஸ்லைடு செய்தேன். “இதில் உன் வேலை எங்கேம்மா?” என்று மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கிருந்து ஆரம்பிப்பது?
— மாணவி, ஈரோடு

பதில்: உன் மேடம் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். நான் குடியாத்தத்தில் கைலித் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், பிறகு பல வருஷம் துணிநூல் பாடம் நடத்தியவள். இந்தத் தலைப்பு ஒரு பிள்ளைக்குக் கிடைத்திருப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். பேத்தி வயசு என்பதால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

முதலில் யேல் கதையைப் பார்த்துவிடுவோம். அவர் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தது 1687 முதல் 1692 வரை. 1699-ல் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். அமெரிக்காவில் கனெக்டிகட்டில் இருந்த கல்லூரிக்கு அவருடைய நன்கொடை போய்ச் சேர்ந்தது 1718-ல். ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகம், மன்னர் முதலாம் ஜார்ஜின் படம் ஒன்று. சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது, கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். மெட்ராஸை விட்டுப் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆன மனிதர் மெட்ராஸிலிருந்து எப்படி அனுப்பியிருப்பார்? அந்தப் பொதிக்குள் கட்டத்துணி இருந்தது என்று எழுத வேண்டுமானால் சரக்குப் பட்டியலைக் காட்ட வேண்டும். காட்ட முடியாததை ‘என்று சொல்கிறார்கள்’ என்று போடு. ஆவணம் உள்ளதைக் கறுப்பு எழுத்திலும், வாய்வழியாக வந்ததைப் பச்சை எழுத்திலும் போட்டால், நீ எங்கே வேலை செய்திருக்கிறாய் என்பது முதல் ஸ்லைடிலேயே தெரிந்துவிடும்.

இவ்வளவு சொன்னேனே தவிர, யேலுக்கு ஒரே ஒரு ஸ்லைடு போதும். அனுப்பியவரைவிட உடுத்தியவர்கள்தான் எனக்கு முக்கியம். இன்றைக்கு அமெரிக்காவின் தெற்கில் இருக்கும் லூசியானா அப்போது ஸ்பெயினிடம் இருந்தது. 1786-ல் அதன் ஸ்பானியக் கவர்னர் எஸ்டெபான் மிரோ ஓர் உத்தரவு போட்டார். அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூடிக் கட்ட வேண்டும் என்பது அது. அவர்களைத் தாழ்த்திக் காட்டுவதற்கான உத்தரவு. அந்தப் பெண்களோ பளிச்சென்ற துணிகளை எடுத்து, உயர உயரமாக, விதவிதமாக முடிந்து, அதையே அலங்காரமாக்கிக் காட்டினார்கள். அப்படிக் கட்டிய துணிகளில் நம் மெட்ராஸ் கட்டமும் ஒன்று. கரீபியன் தீவுகளான மார்டினிக்கிலும் செயின்ட் லூசியாவிலும் இன்றைக்கும் அதன் பெயர் ‘மெட்ராஸ்’தான். திருவிழா உடையில் அது இல்லாமல் இருக்காது.

ஆனால் உன்னை நிறுத்திப் பார்க்கச் சொல்வது நைஜீரியாவில். நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் இருக்கும் கலபாரி மக்கள் இந்தக் கட்டத்துணியை ‘இஞ்சிரி’ என்பார்கள். அவர்கள் அதை வாங்கினபடியே உடுத்திவிடுவதில்லை. பெண்கள் உட்கார்ந்து, ஊசி முனையால் ஒவ்வொரு நூலாகத் தூக்கி, பிளேடால் அறுத்து, உருவி எடுக்கிறார்கள். நூல் போன இடமெல்லாம் சல்லடை மாதிரி திறந்துகொள்ள, நம் நெசவாளி போட்ட கட்டத்துக்குள் வேறொரு கோலம் தெரியும். இதற்குப் ‘பெலெடே பிடே’, அதாவது நூல் அறுத்த துணி என்று பெயர். இழை சேர்த்துப் பூவேலை செய்வதை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இழையை எடுத்துக் கோலம் போடுவதை முதன்முதலில் படத்தில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதை நீயே செய்து பார். அப்பாவிடமோ தாத்தாவிடமோ ஒரு பழைய கைலி கேட்டு வாங்கு. முதலில் அதைத் திருப்பிப் பார். நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த துணி என்றால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பின்பக்கம் வெளிறியிருந்தால் அது அச்சடித்த கட்டம், இந்தப் புராஜெக்டுக்கு ஆகாது. அடுத்து பூதக்கண்ணாடியை வைத்து, ஒரு கட்டம் முடிந்து அதே வரிசை மறுபடி தொடங்கும் இடம்வரை இழைகளை எண்ணு. சிவப்பு எத்தனை, வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை என்று எழுது. நெடுக்கில் ஓடும் பாவு இழைகளை எண்ணி முடித்ததும், குறுக்கில் ஓடும் ஊடை இழைகளையும் எண்ணு. இரண்டும் ஒரே கணக்கா, வேறா? இந்தக் கணக்கு எந்த இணையப் பக்கத்திலும் இல்லை, உன் கையில் மட்டும்தான் இருக்கும். பிறகு உள்ளங்கை அளவு ஒரு துண்டை வெட்டி, வெளிர் நிற இழைகளை மட்டும் குறுக்கிலும் நெடுக்கிலும் அறுத்து உருவு. ஒரு மணி நேரம் பிடிக்கும், கண் வலிக்கும். வகுப்பில் பேச ஆரம்பிக்கும்போது அந்தத் துண்டைக் கைமாற்றிவிடு. துணி கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் உன் பத்து நிமிடத்தில் பாதி ஓடிவிடும், ஒருவரும் செல்போனை எடுக்க மாட்டார்கள்.

ஈரோட்டில் இருந்துகொண்டு ஒரு வயசான நெசவாளியைப் பார்க்காமல் முடித்துவிடாதே. “வரலாறு சொல்லுங்க தாத்தா” என்றால் அவர் என்ன சொல்வார், பாவம்? நூல் யார் கொடுத்தார்கள், எந்தக் கலர் சீக்கிரம் விற்றது, ஒரு நாளைக்கு எத்தனை முழம் ஓடும், சாயம் எங்கே போட்டார்கள் என்று கேள். பேச்சைப் பதிவு செய்வதற்கு முன்னால் அனுமதி வாங்கு.

நாற்பது ஸ்லைடு வேண்டாம், எட்டு போதும். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எங்கே எடுத்தது, எந்த ஆண்டு, யாரிடம் உள்ளது என்று இரண்டு வரி. ஆண்டு தெரியாத படத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் சேர்க்காதே. 1960-களில் எடுத்த போட்டோவைப் பதினேழாம் நூற்றாண்டுக்கு ஒட்டிவைத்த புராஜெக்டுகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன்.

கைலியைப் போட்டோ எடுக்கும்போது ஓரத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடு. ஜன்னல் பக்கம், காலை வெளிச்சத்தில் எடுத்தால் நல்லது. டியூப்லைட்டில் அந்தச் சிவப்பு சரியாக விழாது.