கீரை மேல் மட்டும் பழி போடாதீர்கள்

கேள்வி: அம்மாவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க தினமும் ராத்திரி அசினோகூமரால் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 3-ஐ ஒட்டியே இருந்தது. ரத்தம் கம்மி என்று தினம் முருங்கைக்கீரை கொடுத்தோம், 1.8-க்கு இறங்கிவிட்டது. பயந்துபோய்க் கீரையையே நிறுத்தினோம். நடுவில் வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், இப்போது 4.6! இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா? ஒவ்வொரு தடவையும் பாளையங்கோட்டைக்கு அலையத்தான் வேண்டுமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டு 4.6 என்று சொல்லுங்கள், ஒரு வேளையை விடச் சொல்வதோ அளவைக் குறைப்பதோ அவர் பாடு. மைட்ரல் உலோக வால்வுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் உறைந்து கட்டி மூளைக்குப் போகலாம், கூடினால் ரத்தக்கசிவு.

கல்லீரல் ரத்த உறைவுப் பொருள்களைச் செய்ய வைட்டமின் கே வேண்டும், அதைத்தான் இந்த மாத்திரை தடுக்கிறது. முருங்கையிலை அந்த வைட்டமினை அள்ளிக் கொடுக்கும், அதனால்தான் 1.8. அதற்காகக் கூட்டாஞ்சோற்றில் போடும் ஒரு கைப்பிடிக் கீரையையும் விலக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும், மாத்திரை அளவை அதற்குத் தகுந்தபடி டாக்டர் வைத்துக்கொள்வார்.

4.6-க்குக் கீரையை நிறுத்தியது ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் என் சந்தேகம் அந்த வயிற்றுப்போக்கு மாத்திரை மேல்தான். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், மெட்ரோனிடசோல் என்று இருந்தால் ஐஎன்ஆரை ஏற்றிவிட்டது அதுவாகத்தான் இருக்கும், வயிறு சரியில்லாமல் சாப்பாடு குறைந்ததும் சேர்ந்துகொள்ளும். இனி எந்த மருந்து வாங்கினாலும் வால்வு விஷயத்தைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் கூடாது. நம்மூரில் எதற்கெடுத்தாலும் 'ஒரு ஊசி போட்டு விடுங்க' என்போமே, அந்தத் தசை ஊசியும் வேண்டாம், உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும்.

அலைச்சலுக்கு வருவோம். அம்பாசமுத்திரத்திலேயே நல்ல லேப் இருந்தால் அங்கேயே எடுத்து ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் டாக்டருக்கு அனுப்பலாமா என்று கேளுங்கள், முடிந்தவரை லேப்பை மாற்றாமல். நீல மூடிக் குழாயில் கோடு வரைக்கும் ரத்தம் நிரப்புகிறார்களா என்று பாருங்கள், குறைவாக இருந்தால் ஐஎன்ஆர் பொய்யாகக் கூடிக் காட்டும். ஐஎன்ஆர் நிலையாக நின்றால் மாதம் ஒருமுறை பார்ப்பது வழக்கம், புது மருந்து சேர்த்தால் ஒரு வாரத்துக்குள்.

அப்புறம், சோதனையே வேண்டாத புது மாத்திரை இருக்கிறதாமே என்று யாராவது சொல்வார்கள். உலோக வால்வுக்காரர்களுக்கு அது ஆகாது. மலம் கறுப்பாகப் போனாலோ, மூக்கில் ரத்தம் நிற்காவிட்டாலோ, கீழே விழுந்து தலையில் அடிபட்டாலோ லேப்புக்குப் போகாதீர்கள், நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.