ஆச்சியின் பெட்டியில் கிடைத்த பழைய வெள்ளி ரூபாயின் தரத்தை நானே மதிப்பிடுவது எப்படி?

கேட்டவர் ஆரியங்காவுக்காரர். ஆச்சியின் மரப்பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1918ஆம் ஆண்டு ஒரு ரூபாயும், சங்கு போட்ட திருவிதாங்கூர் அரை ரூபாயும் கிடைத்திருக்கின்றன. இரண்டும் கறுத்திருக்கின்றன. நகைக்கடையில் எடைக்கு மட்டுமே பணம் என்கிறார்களாம், வாட்ஸ்அப்பில் லட்சம் என்கிறார்களாம். பல்பொடி போட்டுத் தேய்த்துவிட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்கிறார்.

தேய்க்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் ஊர் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர் என்பதால், பழைய வீடுகளில் பிரிட்டிஷ் ரூபாயும் திருவிதாங்கூர்க் காசும் ஒரே சுருக்குப்பையில் கிடக்கும். எங்கள் ஆச்சியிடமும் ஒரு சங்கு அரை ரூபாய் இருந்தது. நீலமும் பழுப்புமாக நிறம் ஏறிய காசு. பதினான்கு வயதில், ஆயுத பூஜைக்குக் குத்துவிளக்கு தேய்க்கும்போது அதையும் சேர்த்துப் புளி போட்டு, திருநீறு போட்டுத் தேய்த்தேன். எவர்சில்வர் தம்ளர் போலப் பளபளத்தது. ஆச்சிக்கே சந்தோஷம். பத்து வருடம் கழித்துக் கொல்லத்தில் பழைய நாணயம் வாங்கி விற்கும் ஒரு பெரியவரிடம் பெருமையாக நீட்டினேன். வெளிச்சத்தில் இரண்டு முறை சாய்த்துப் பார்த்துவிட்டு, "நன்றாகக் குளிப்பாட்டியிருக்கிறீர்கள்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். விலைப் பேச்சே எழவில்லை.

அவர் அப்படிச் சாய்த்துப் பார்த்ததில்தான் தரம் பார்க்கும் வித்தை பாதி இருக்கிறது. அச்சு அடிக்கும்போது வெள்ளி நசுங்கி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டத்தின் கோடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் மேற்பரப்பில் பதிந்திருக்கும். காலை வெயில் விழும் ஜன்னலோரம், அல்லது ஒற்றை பல்பின் கீழ், காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். புழக்கத்துக்கே வராத காசில் ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுற்றி வரும், பட்டுப்புடவை மடிப்பைத் திருப்பினால் மினுமினுப்பு ஓடுமே, அதுபோல. கைமாறிய காசில் அது முதலில் மேடான இடங்களில் சாகும், எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். தேய்த்துக் கழுவிய காசிலோ மேடும் பள்ளமும் ஒரே மாதிரி வெளுத்துப் பளபளக்கும். லென்ஸ் வைத்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முப்பது மடங்கில் பார்த்தால் எந்தக் காசும் அம்மை வார்த்த முகமாகத்தான் தெரியும்.

அடுத்தது தேய்மானம். முழுக் காசையும் ஒரே பார்வையில் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதில் பயன் இல்லை. மேடான இடம் எது, அங்கே என்ன மிச்சம் என்பதே கேள்வி. உங்கள் ஜார்ஜ் ரூபாயில் நான்கு இடங்கள்: கிரீடத்தின் முத்து வரிசை, காதையொட்டிய முடி, மீசை, பிறகு மார்பு அங்கியில் தொங்கும் சங்கிலியில் ஒரு சிறு யானை. அந்த யானைக்கு ஒரு கதை உண்டு. 1911இல் முதலில் வந்த அச்சில் தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்துவிட்டது. எதிர்ப்புக் கிளம்ப, வெளிவராமல் இருந்ததை நிறுத்தி உருக்கினார்கள். 1912 முதல் யானை யானையாக வந்தது. சேகரிப்பவர்கள் அந்த 1911 காசை இன்றும் 'பன்றி ரூபாய்' என்றுதான் சொல்வார்கள்.

யானையின் காலும் தும்பிக்கையும் தனித்தனியாகத் தெரிந்து, கிரீடத்தின் முத்துகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தால் அது 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' என்ற உயர்ந்த தரத்தின் பக்கம் போகும். முத்துகள் தெரிகின்றன, யானை மட்டும் மேடாக மழுங்கியிருக்கிறது என்றால் அதற்கு அடுத்த படியான வெரி ஃபைன். கிரீடமே வழுவழுப்பாகி, முடி ஒரே கட்டியாக இருந்தால் ஃபைன் அல்லது அதற்கும் கீழே. எங்குமே தேய்மானம் இல்லாவிட்டால்தான் யுஎன்சி, அதாவது 'அன்சர்குலேட்டட்', புழக்கத்துக்கே வராதது. விற்பவர்கள் கண்டதற்கெல்லாம் யுஎன்சி என்று எழுதிவைப்பார்கள், அதை விலைப்பட்டியலில் வரும் தூக்கலான சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். தரநிர்ணய நிறுவனங்கள் காசுக்கு 1 முதல் 70 வரை எண் போட்டுத் தருகிறார்களே, அந்த அளவுகோல் 1949இல் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்காகப் போட்டது. 70 என்றால் 1ஐப் போல எழுபது மடங்கு விலை என்பது அவர் கணக்கு. இன்று விலை அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை, எண் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இரண்டு விஷயங்களைத் தேய்மானத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, மூட்டையில் காசோடு காசு மோதி விழுந்த வடு. அது புதுக்காசிலும் இருக்கும். இன்னொன்று, அச்சே சரியாக விழாதது. திருவிதாங்கூரின் 'சக்கரம்' என்ற குட்டி வெள்ளிக் காசைக் கையில் எடுத்தவர்களுக்கு இது தெரியும். அரை கிராம்கூடத் தேறாது, மிளகைத் தட்டையாக்கியது போல இருக்கும். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை சக்கரம் என்று கணக்கு. விரலால் எண்ணி மாளாது என்று குழிகள் வெட்டிய பலகையில் கொட்டி ஆட்டி எண்ணினார்கள். இவ்வளவு சிறிய காசில் பாதி உருவம் விளிம்புக்கு வெளியே போயிருக்கும். அதைத் தேய்ந்த காசு என்று தள்ளிவிடாதீர்கள். அச்சு விழாத இடத்தில் மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கும், தேய்ந்த இடம் கூழாங்கல் போல வழுக்கும். உங்கள் அரை ரூபாய் எந்திரத்தில் அடித்த காசு, அவ்வளவு சிக்கல் இல்லை. சங்கின் வரிகளையும் சுற்றியுள்ள இலைகளையும் பாருங்கள். அதில் இருப்பது கொல்லம் ஆண்டு, 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

காசின் உச்சியில், பன்னிரண்டு மணி இடத்தில், விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். காசுமாலையில் கோத்த காசென்றால் கொக்கியைப் பற்றவைத்த தடம் இருக்கும். ஆசாரி எவ்வளவு ராவி மறைத்திருந்தாலும் விளிம்பின் வரிப்பல் அங்கே அறுந்திருக்கும். தேய்த்ததும் பற்றவைத்ததும் தரநிர்ணய நிறுவனங்களில் எண் வாங்குவது அபூர்வம். எண் போடாமல், குறையுள்ள காசு என்ற பொருளில் 'டீடெயில்ஸ்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

போலியா என்பது வேறு கேள்வி, எளிதும்கூட. ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. தேய்மானத்தில் சற்றுக் குறையலாம், ஒன்றரை கிராம் குறைந்தால் சந்தேகப்படுங்கள். காந்தம் ஒட்டினால் அத்தோடு முடிந்தது. வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி இணைப்புக்கோடு தெரியும். பெரியவர்கள் சுண்டி ஓசை கேட்பார்கள், நீங்கள் சிமென்ட் தரையில் போட்டுக் கேட்காதீர்கள்.

இனி உங்கள் லட்சக் கனவு. 1918இல் பம்பாய், கல்கத்தா இரண்டு நாணயச்சாலைகளிலுமாக 40 கோடிக்கு மேல் ரூபாய் அடித்தார்கள். போர்க்காலத்தில் வெள்ளி பற்றாமல் போக, அமெரிக்கா அதே ஆண்டு பிட்மன் சட்டம் போட்டு 25 கோடிக்கும் மேலான டாலர் காசுகளை உருக்கி இந்தியாவுக்கென்று பிரிட்டனுக்கு விற்றது. அதனால் 1918 என்ற ஆண்டுக்கென்று தனி மதிப்பு இல்லை, நிலைக்கு மட்டுமே மதிப்பு. நகைக்கடைக்காரர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு: 91.7 சதவீத வெள்ளி என்பதால் சுத்த வெள்ளி 10.7 கிராம் அளவில் இருக்கும். தேய்ந்த காசென்றால் விலை அதையொட்டித்தான். யுஎன்சி என்றால் மட்டும் கதை வேறு. பழைய காசு வாங்குகிறோம் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம், கமிஷன் கேட்பவர்களைப் பற்றி அந்த வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது.

கறுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியில் படியும் நிறம் அது. சீராகப் படிந்திருந்தால் சிலர் அதற்கே கூடுதல் கொடுப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தால் அசிட்டோனில் சற்று நேரம் போட்டு, துடைக்காமல் தானாக உலரவிடுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும். பிவிசி பிளாஸ்டிக் உறை, ரப்பர் பேண்ட் இரண்டும் ஆகாது. நம் பக்கம் ஜூன், ஜூலை சாரலில் துணியே உலராது, டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டுவையுங்கள்.

கடைசியாக, ஜார்ஜ் ரூபாயின் பின்பக்கம் அடியில் உள்ள தாமரைக்குக் கீழே ஒரு சிறு புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பம்பாய் நாணயச்சாலையில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தா. கிரீடத்தையும் யானையையும் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல்.