ஹீட்டர் நிற்காமல் ஓடினாலும் மீன் வேகக் கூடாது

கேள்வி: வலங்கைமான் பக்கம் மூன்று ஏக்கர் நெல் எங்களுக்கு. உபதொழிலாகக் கூடத்தில் மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி உயரக் கண்ணாடித் தொட்டியில் ஏஞ்சல் மீன் ஜோடி வைத்து, குஞ்சு எடுத்துக் கும்பகோணம் கடைகளுக்குக் கொடுத்துவந்தேன். போன மார்கழியில் 300 வாட் ஹீட்டர் ராத்திரி முழுக்க நிற்காமல் ஓடிவிட்டது. விடிந்து பார்த்தால் தண்ணீர் 39 டிகிரி, தாய் மீன் உட்பட ஒன்றும் மிஞ்சவில்லை. பழுதே ஆகாத நல்ல ஹீட்டர் எது? கண்ணாடி வாங்குவதா, டைட்டானியமா? கரண்ட் போனால் என்ன செய்வது? இந்த முறை டிஸ்கஸ் வளர்க்கலாமா?

பதில்: பழுதே ஆகாத ஹீட்டர் என்று ஒன்று எந்த விலையிலும் கிடையாது ஐயா. ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினாலும் ஐயாயிரத்துக்கு வாங்கினாலும் ஒருநாள் கெடும். கெடும்போது மீன் சாகாதபடி ஏற்பாடு செய்துகொள்ளலாம், அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஹீட்டர் கெடுவது இரண்டு விதம். ஒன்று, சூடாகாமலே நின்றுவிடுவது. நம் ஊர்க் குளிருக்கு இது பெரிய ஆபத்தில்லை. தண்ணீர் மெதுவாகத்தான் ஆறும், மீன் ஓர் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். இன்னொன்று, உங்களுக்கு நடந்தது. ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் ஈருலோகத் தகடு ஒன்று வளைந்து நிமிர்ந்து காண்டாக்ட்டைச் சேர்க்கும், பிரிக்கும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் சின்னப் பொறி தட்டும். நாளாக ஆகக் காண்டாக்ட் பாயிண்ட் கருகி, ஒருநாள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். பம்ப்செட் ஸ்டார்டரில் காண்டாக்ட் ஒட்டி மோட்டார் நிற்காமல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் இது. எலக்ட்ரானிக் ஹீட்டர் என்றால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதில் கரண்டைத் திறந்து மூடும் டிரையாக் என்ற பாகம் கெட்டாலும் பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே கெடும்.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருவோம். நீங்கள் சொன்ன அளவுக்குக் கிட்டத்தட்ட 120 லிட்டர் பிடிக்கும். அதற்கு 300 வாட் போட்டதுதான் கோளாறு. பெரிய ஹீட்டர் சீக்கிரம் சூடாக்கிவிட்டு நின்றுவிடும் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். நிற்கிற வரை அது சரி. நிற்காவிட்டால் 120 லிட்டர் தண்ணீரை 300 வாட் மணிக்கு ஏறக்குறைய இரண்டு டிகிரி ஏற்றும். வெளியே விரயமாகும் சூட்டைக் கழித்தாலும், ராத்திரி ஒன்பது மணிக்கு ஒட்டிக்கொண்ட ஹீட்டர் விடிவதற்குள் 39-ஐ எட்டுவதில் வியப்பில்லை. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் பிராணவாயுவும் குறையும். கொதிப்பும் மூச்சுத் திணறலும் ஒன்றாகச் சேர்ந்துதான் மீனைக் கொல்கின்றன.

நம் டெல்டாவில் மார்கழி, தை ராத்திரிகளில் கூடத்துக்குள் 21, 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஏஞ்சலுக்கு 27 போதும். அதாவது நீங்கள் ஏற்ற வேண்டியது ஐந்தாறு டிகிரிதான். மூடி போட்ட தொட்டிக்கு லிட்டருக்கு ஒரு வாட்டுக்கும் குறைவாகவே போதும். 50 வாட் ஹீட்டர் இரண்டு வாங்கிப் போடுங்கள், ஒரே 100 வாட் வேண்டாம். இரண்டில் ஒன்று ஒட்டிக்கொண்டால் தண்ணீர் அறை வெப்பத்துக்கு மேல் ஐந்தாறு டிகிரிதான் தாண்டும், மீன் தாங்கும். ஒன்று செத்துப்போனால் மற்றது காலை வரை இழுத்துக்கொண்டு போகும். வாட் குறைவாக இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. இதற்குக் கூடுதல் செலவும் இல்லை.

உங்கள் ஊரில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 180-க்கு இறங்குமானால் 50 வாட் ஹீட்டர் 30 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். வோல்டேஜ் குறைந்தால் சூடு அதைவிட வேகமாகக் குறையும். அப்படிப்பட்ட தெருவாக இருந்தால் இரண்டில் ஒன்றை 75 வாட்டாக வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது பாதுகாப்பு, வெளியே வைக்கும் கன்ட்ரோலர். எஸ்.டி.சி-1000 என்று எழுதிய சின்னப் பெட்டி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். இன்குபேட்டர் வைத்துக் கோழிக்குஞ்சு பொரிப்பவர்களிடமும் இதைப் பார்க்கலாம். 12 வோல்ட் வகையும் உண்டு, கேட்டு 230 வோல்ட் வகையை வாங்குங்கள். பின்புறத்தில் கரண்ட் வரும் திருகுகள் திறந்தே இருக்கும், எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டி, சாக்கெட் வைத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு ஹீட்டரும் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

செட் செய்யும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. கன்ட்ரோலரை 27-இல் வையுங்கள். ஹீட்டரின் சொந்தக் குமிழை 29-இல் வையுங்கள். அன்றாடம் வேலை செய்வது கன்ட்ரோலர், ஹீட்டரின் தெர்மோஸ்டாட் சும்மா காவல் இருக்கும். ஹீட்டரின் பாயிண்ட் ஒட்டிக்கொண்டால் 27-இல் கன்ட்ரோலர் வெட்டிவிடும். கன்ட்ரோலருக்குள் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் ரிலே ஒட்டிக்கொண்டால் 29-இல் ஹீட்டர் தானே நின்றுவிடும். இரண்டும் ஒரே ராத்திரியில் ஒட்டிக்கொண்டால்தான் ஆபத்து. சிலர் தொந்தரவு வேண்டாம் என்று ஹீட்டரின் குமிழைக் கடைசி வரை, 34-க்குத் திருப்பிவைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கன்ட்ரோலர் வாங்கியும் பாதிப் பயன்தான்.

கன்ட்ரோலரில் ஒரு பலவீனம் இருக்கிறது: அதன் சென்சார் ஒயர். சுத்தம் செய்யும்போது அது தண்ணீரை விட்டு வெளியே விழுந்தால் அறைக் காற்றின் 22 டிகிரியைப் படித்துவிட்டு, 'இன்னும் குளிர்கிறது' என்று ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். சென்சாரைத் தொட்டியின் பாதி ஆழத்துக்குக் கீழே, ஹீட்டருக்குத் தள்ளி, ரப்பர் உறிஞ்சியால் ஒட்டி, ஒயரை மூடியிலும் கட்டிவிடுங்கள்.

கண்ணாடியா டைட்டானியமா என்று கேட்டீர்கள். டைட்டானியம் உடையாது, ஆனால் பலவற்றில் உள்ளே தெர்மோஸ்டாட் இருக்காது, முழுக்கக் கன்ட்ரோலரையே நம்ப வேண்டும். இரட்டைக் காவல் போய்விடும். உலோகம் என்பதால் எர்த்தும் கட்டாயம். வீட்டுத் தொட்டிக்குப் பிளாஸ்டிக் கூடு போட்ட கண்ணாடி ஹீட்டரே போதும் என்பது என் கருத்து.

வாங்கியவுடன் தொட்டியில் போடாதீர்கள். ஒரு பக்கெட்டில் 15 லிட்டர் தண்ணீர் ஊற்றி, கண்ணாடி தெர்மாமீட்டர் ஒன்றைத் தொங்கவிட்டு, தண்ணீர் 28 டிகிரி இருந்தால் குமிழை 30-இல் வைத்து ஓடவிடுங்கள். 50 வாட் என்றால் ஒரு மணி நேரத்துக்குள்ளோ சற்று மேலோ சிவப்பு விளக்கு அணைய வேண்டும். குமிழில் 30 என்று காட்டினாலும் தெர்மாமீட்டரில் 32 வரலாம், அந்த வித்தியாசத்தைப் பேனாவால் ஒயரில் ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதிவையுங்கள். ஒரு ராத்திரி விட்டுப் பார்த்து, குழாய்க்குள் ஆவி படிந்திருந்தால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். தொட்டிக்கு வெளியே ஒட்டும் வண்ணப் பட்டைத் தெர்மாமீட்டரை நம்பி இதைச் செய்ய வேண்டாம், அது கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும்.

ஹீட்டரைப் படுக்கைவாட்டில், அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில், ஃபில்டர் தண்ணீர் ஓடும் பக்கம் வையுங்கள். தண்ணீர் மாற்றுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தண்ணீர் இறங்கி வெளியே தெரியும் சூடான கண்ணாடியில் புதுத் தண்ணீர் பட்டால் விரிசல் விழும், பிறகு தொட்டியில் கைவிட்டால் ஷாக். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் சுவிட்ச்) இல்லாவிட்டால் ஹீட்டர் வாங்கும் முன் அதை மாட்டுங்கள். ஒயர் சாக்கெட்டுக்குப் போகும் வழியில் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும், ஒயர் வழியே வழியும் நீர் சாக்கெட்டுக்குள் போகாமல் தரையில் சொட்டும்.

கரண்ட் போனால் பதற வேண்டாம். 120 லிட்டர் தண்ணீர் மூடி போட்டிருந்தால் மணிக்கு அரை டிகிரிகூட ஆறாது. இன்வெர்ட்டரில் ஹீட்டரை இணைத்துப் பேட்டரியைத் தீர்க்காதீர்கள், ஐந்து வாட் ஏர் பம்ப்பை மட்டும் இணையுங்கள். மீனுக்கு முதலில் தேவை காற்று. தொட்டியின் பின்பக்கமும் இரு பக்கவாட்டும் அரை இஞ்ச் தெர்மோகோல் ஒட்டிவிட்டால் இன்னும் மெதுவாக ஆறும், மின்கட்டணமும் குறையும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பல கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி நேர்ந்தால் சுடுதண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சமாளிக்கலாம்.

இனி ஒருநாள் 34, 35 டிகிரி பார்த்தால் ஐஸ் போடாதீர்கள். ஹீட்டரைப் பிடுங்கி, காற்றைக் கூட்டி, மூடியைத் திறந்து, ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி மெதுவாக இறக்குங்கள்.

டிஸ்கஸ் இப்போது வேண்டாம். அதற்கு 28 முதல் 30 வரை எப்போதும் நிலையாக வேண்டும், விலையும் அதிகம். கார்த்திகைக்கு முன்பே இந்த ஏற்பாட்டைச் செய்து, மலிவான ஏஞ்சல் குஞ்சுகளை வைத்து மாசி வரை ஓட்டிப் பாருங்கள். அதே வீட்டில் கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் தொட்டிகள் இருந்தால் அவற்றுக்கு ஹீட்டர் வாங்கவே வேண்டாம்.